அமெரிக்கக் காங்கிரசும் ஓர் ‘அவசர’ விடையும்

விடைத்தாள்களை இனிமேல் கணினித் திரையில்தான் திருத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. உண்மையோ பொய்யோ, எங்கள் வட்டார அரசியல் அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் அது வந்த நாளிலிருந்து இளைய ஆசிரியர்கள் என்னை விடுவதாக இல்லை. “மிஸ், நீங்க இத்தினி வருஷம் பேப்பர் திருத்தக் கேம்ப் போய்க்கினு இருந்தீங்களே, அது எப்படி இருக்கும்னு எழுதுங்க” என்று ஒரே நச்சரிப்பு. இன்னொரு பெண், அமெரிக்கப் பாடத்தை எப்படி நடத்துவது என்று தனியாகப் போன் செய்து கேட்டாள். அங்கே அதிபர் ஓர் உத்தரவு போடுகிறார், மறுநாள் எங்கோ ஒரு நீதிபதி அதை நிறுத்தி வைக்கிறார், டிவியில் தினம் இதே செய்தி. பிள்ளைகள் “அதிபர் பெரியவரா, ஜட்ஜ் பெரியவரா மிஸ்?” என்று கேட்கிறார்களாம். இரண்டு பேருக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அது எனக்குப் பெருமை சேர்க்கிற பதில் அல்ல என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

என் பெயர் சுலோச்சனா. திருத்தணிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் தெலுங்கு. நைனா தறி நெய்தவர். நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரை ‘பாவா’ என்று கூப்பிட்டுப் பழக்கம், இன்றைக்கும் அதுதான். வீட்டு முன்கட்டில் அவருடைய இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தபால் வழியில் எம்.ஏ. படித்து முடித்தேன்.

பி.எட். படிக்கும்போது பயிற்சி வகுப்பில் ஒருநாள் ஏதோ ஒரு தெலுங்குச் சொல் தமிழோடு கலந்து வந்துவிட்டது. பின் வரிசையில் சிரித்தார்கள். என் பாடக்குறிப்பு நோட்டில் மேற்பார்வை ஆசிரியர் ‘மொழியில் கவனம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் என் தமிழை நானே சலித்து எடுத்தேன். வீட்டு வாசல் தாண்டினால் ஒரு தெலுங்குச் சொல் வாயில் வராது. “டீச்சருக்கு எந்த ஊரு? நல்லாத் தமிழ் பேசறீங்களே” என்று யாராவது கேட்டால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்தக் கர்வத்துக்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

பழைய பாடத்திட்டத்தில் அமெரிக்க அரசியலமைப்புக்கென்று முழுசாக ஒரு பாடம் இருந்தது. முதல் நாள் முதல் வேலை, ‘காங்கிரஸ்’ என்றால் இங்கே கட்சி அல்ல, அந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் பெயர் என்று சொல்வது. அதைச் சொல்லாமல் விட்ட வருடம் ஒரு பிள்ளை அமெரிக்கக் காங்கிரசின் சின்னம் கை என்று எழுதி வைத்தது.

அதற்கப்புறம் கதை. கடலோரம் பதின்மூன்று குடியேற்றங்கள், இங்கிலாந்து ராஜாவுக்கு வரி கட்டிச் சலித்து, சண்டை போட்டுப் பிரிந்து வந்தன. ராஜாவிடம் பட்ட பாட்டில், தங்களுக்கென்று வைத்துக்கொண்ட முதல் மத்திய அரசைப் பல்லே இல்லாமல் வைத்தார்கள். வரி வசூலிக்க அதிகாரம் இல்லை, மாநிலங்கள் மனசு வைத்துக் கொடுத்தால் உண்டு. நாடு தள்ளாட ஆரம்பித்ததும் 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடினார்கள். பழைய விதிகளைச் செப்பனிடத்தான் அனுப்பினார்கள். போனவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, முழுக்கப் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் அங்கே பெரிய இழுபறி. கடைசியில் ஒரு சபையில் ஜனத்தொகைப்படி இடம், இன்னொரு சபையான செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு என்று முடித்தார்கள். அந்த ஜனத்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள் என்பதை நான் ஒரு வருடம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. “ஓட்டும் இல்ல, முழு ஆளும் இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு மிஸ் எண்ணாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். அவர்களுடைய முதலாளிகளுக்குச் சபையில் இடம் கூடுவதற்காக என்றேன்.

மற்றபடி அடிப்படை சுலபம். சட்டம் போடுகிறவர் ஒருத்தர், நடத்துகிறவர் ஒருத்தர், அது சரியா என்று பார்க்கிறவர் ஒருத்தர். காங்கிரஸ் போட்ட சட்டத்தை அதிபர் திருப்பி அனுப்பலாம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அதிபரை மீறலாம். நீதிபதியை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். நியமித்தவரின் உத்தரவையே அந்த நீதிபதி நாளைக்குச் செல்லாது என்பார். யார் பெரியவர் என்று கேட்டால் யாரும் இல்லை. யாரும் பெரியவராகி விடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை மெனக்கெட்டு எழுதினார்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காங்கிரஸ் எதையெல்லாம் செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். வரி போடலாம், நாணயம் அடிக்கலாம், படை வைக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம், இப்படி. பட்டியலின் கடைசியில், இவற்றை நிறைவேற்றத் ‘தேவையானதும் தகுந்ததுமான’ சட்டங்களையும் இயற்றலாம் என்று ஒரு வரி. அந்தத் ‘தேவையான’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அங்கே பெரிய சண்டையே நடந்தது. மத்திய அரசு ஒரு வங்கி தொடங்கியபோது, பட்டியலில் வங்கி எங்கே என்று கேட்டார்கள். அது இல்லாமல் முடியவே முடியாது என்றால்தான் தேவை என்றது ஒரு கட்சி. காரியம் நடக்க உதவினால் அதுவும் தேவைதான் என்றது மறுகட்சி. உச்ச நீதிமன்றம் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்க்காதே, அது நிற்கிற இடத்தையும் எழுதியவர்களின் நோக்கத்தையும் சேர்த்துப் பார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதை நான் வருடா வருடம் கை ஆட்டி, குரல் ஏற்றி நடத்துவேன்.

நடத்தி முடித்ததும் குறிப்பு சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் என் வாக்கியத்தையே எழுதிப் பாஸாவார்கள். சொந்த வார்த்தையில் எழுத நான் விட்டதே இல்லை. ரிசல்ட் நன்றாக வந்தது, யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

இனி முகாம். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்கள் முகப்பைக் கிழித்து, பெயரும் பதிவெண்ணும் போய், வெறும் ரகசிய எண்ணோடு எங்களிடம் வரும். எந்த ஊர்ப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. எங்களைப் போன்ற உதவித் தேர்வாளர்கள் சிவப்பு மையில் திருத்துவோம். கூட்டல் சரிதானா, எந்தப் பக்கமாவது திருத்தாமல் விட்டுப்போனதா என்று இன்னொருவர் பார்ப்பார். மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் ஒருவர். அவர் தாள்களில் சிலவற்றை எடுத்துப் பச்சை மையில் மறுபடி திருத்திப் பார்ப்பார். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்ற விடைக்குறிப்பு சென்னையிலிருந்து வரும். அதை எழுதியவர்கள் திருத்த வரமாட்டார்கள், திருத்துகிற நாங்கள் அதை மாற்ற முடியாது. ஒரு பிள்ளையின் தலையெழுத்தை ஒரே கை எழுதிவிட முடியாதபடி யாரோ யோசித்து அமைத்த ஏற்பாடு. அமெரிக்கப் பாடத்துக்கு நான் இதையே உதாரணமாகச் சொல்வதுண்டு.

நான் சொல்லப்போகிற வருடம், ஓய்வுக்கு ஏழெட்டு வருடம் முந்தியது. முகாம் திருவள்ளூரில். எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் நாச்சியார் மேடம், தெற்கத்திக்காரர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார். பச்சைப் பேனாவை அதற்குப் பக்கத்தில் நேராக வைப்பார். பிறகு விடைக்குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படிப்பார். முதல் நாள் மட்டுமில்லை, தினமும். எங்களுக்குக் கொட்டாவி வரும். “நேத்து படிச்சதுதானே மேடம்” என்று கூட்டல் பார்க்கிற குமரேசன் சார் ஒருநாள் சொல்லிவிட்டார். “நேத்து படிச்சது நேத்தோட தாளுக்கு” என்றார் மேடம், தலை நிமிராமல். ‘தப்பு’ என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. “எங்க எழுதியிருக்கு, காட்டுங்க” என்பார். அவ்வளவுதான்.

முதல் நாள் விடைக்குறிப்பு பற்றி விவாதம் நடக்கும். மாற்றுச் சொற்கள் எவை, எதற்கு மதிப்பெண் தரலாம் என்று மேசையே பேசி முடிவெடுக்கும். ‘செனட்’ என்றாலும் ‘மேலவை’ என்றாலும் சரி என்று முடிந்தது. ‘தேவையான’ என்பதற்கு வேறு என்ன எழுதுவார்கள் என்று மேடம் கேட்டார். ‘அவசியமான’ என்றோம். குறித்துக்கொண்டார். மேசையில் தெலுங்கு வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கொடுத்த விடைத்தாள் கட்டுக்குள் அந்தத் தாள் இருந்தது. இருபது மதிப்பெண் கேள்வி, அமெரிக்கக் காங்கிரசின் அதிகாரங்களை விளக்குக. பட்டியல் ஓரளவு எழுதியிருந்தது. பிறகு ஒரு பத்தி, ‘காங்கிரஸ் அவசரமான சட்டங்களைப் போடலாம்’ என்று ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இருந்தேனா? மேசைக்கே படித்துக் காட்டினேன்.

“அமெரிக்காக்காரன் எப்பவும் அவசரக்காரன்தான்” என்றார் குமரேசன் சார்.

“ரயிலைப் புடிக்கணும் போல” என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பட்டியலுக்கு மட்டும் எட்டு போட்டேன். மொத்தம் அறுபத்தாறு வந்தது. இருநூறுக்கு எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி. நாலு மதிப்பெண்ணில் போகிறதே என்று ஒருமுறை புரட்டினேன், எங்கேயும் கூட்ட வழியில்லை. கையெழுத்துப் போட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்கால ரயிலில் மணவூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று நின்று நின்று ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் பாவு கொண்டுவருகிற ஆள் நின்றுகொண்டிருந்தார். பாவு என்பது தறியில் ஏற்றுவதற்காகச் சுற்றி வைத்திருக்கும் நூல் உருளை. இந்த ஆள் வேலைக்குப் புதுசு, கனகம்மாசத்திரத்துப் பக்கத்துத் தமிழர்.

“அண்ணே, நாளிக்குப் பாவு ஒண்ணு எத்துகினு வரட்டா?” என்றார்.

“அவசரம் லேதுப்பா” என்றார் என் கணவர், தறியை நிறுத்தாமலே.

“ஆங், சரிண்ணே. அப்ப நிதானமா நாளான்னிக்கு எத்துகினு வரேன்.”

கணவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டார். “யோவ், நிதானமா இன்னாத்துக்கு எத்துகினு வர? வாணவே வாணாம்னு சொல்லிக்கினு இருக்கேன். அவசரம் லேதுன்னா அவசியம் இல்லன்னு அர்த்தம்யா!”

“இன்னாண்ணே நீ, அவசரம் இல்லன்னா மெதுவா வான்னு நினைச்சிக்கினேன்” என்று அந்த ஆள் தலையைச் சொறிந்தார். இருவரும் சிரித்தார்கள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். காலையில் உப்பு அவசரமா என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். அந்தப் பிள்ளை ‘தேவையான சட்டங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறது. வீட்டுச் சொல் பேனாவில் வந்துவிட்டது, அவ்வளவுதான். மேசையிலிருந்த மற்றவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்பதுகூட இல்லை, அந்த மொழியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக அவ்வளவு பழகியிருந்தேன். அன்றைக்கு எனக்கு என் மீது வந்த வெறுப்பை வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். “போயி கேட்டுப் பாரு. குடுத்த கட்டைத் திருப்பி எடுக்க வுடுவாங்களா?” என்றார்.

விடமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் மறுநாள் காலை முதல் ரயிலில் போய், நாச்சியார் மேடம் கடிகாரத்தைக் கழற்றும்போது அவர் எதிரில் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க திருத்திக் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தத் தாள்ல உங்க அதிகாரம் அதோட முடிஞ்சுது” என்றார்.

“நான் தொடலைங்க மேடம். நீங்க எடுத்துப் பாருங்க.”

“நான் எதை வேணாலும் எடுத்துப் பார்க்கலாம். மார்க் லிஸ்ட் மத்தியானம் போறவரைக்கும் நேரமிருக்கு. ஆனா ஒருத்தர் வந்து வாயால சொன்னதுக்காக ஒரு குறிப்பிட்ட தாளை நான் தேடி எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் வேற காரணத்துக்கு வருவார். எழுதிக் குடுங்க. என்ன தாள், என்ன மார்க் போட்டீங்க, ஏன் தவறுன்னு நினைக்கறீங்க. கையெழுத்தோட.” கொஞ்சம் நிறுத்தினார். “எழுதிக் குடுத்தா அது ஃபைல்ல ஏறும். மேல போகும். இந்த வருஷம் ஹெச்.எம். பேனல்ல உங்க பேர் இருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

இருந்தது உண்மைதான். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். குமரேசன் சார் பின்னாலேயே வந்தார்.

“வுடு டீச்சர். ரிசல்ட் வந்தப்புறம் அந்தப் புள்ளையே மறுகூட்டல் போட்டுக்கும்.”

“மறுகூட்டல்ல கூட்டல்தானே சார் பார்ப்பாங்க? கூட்டல் சரியாத்தான் இருக்குது.”

“அப்ப ரீவேல்யூவேஷன் போடட்டும்.”

“ஃபெயிலான புள்ளை, அதுவும் எங்கள மாதிரி தெலுங்கு வீட்டுப் புள்ளை, அதுக்கெல்லாம் போகும்னு நினைக்கிறீங்களா?”

எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தறி வீடுகளில் பெண்பிள்ளை ஒரு பாடத்தில் போனால், அடுத்த வாரமே தறி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பையன் என்றால் ஏதாவது கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு மதிப்பெண், ஒரு கோடு. கோடு நான் இழுத்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போய் எழுதினேன். ‘அவசரம் என்ற சொல்லின் காரணமாக விடையைத் தவறாக மதிப்பிட்டு விட்டேன்’ என்று ஆரம்பித்தது என் கடிதம். அந்த வாக்கியம் பின்னால் என்ன பாடு படுத்தும் என்று அப்போது தெரியாது.

கட்டை வரவழைத்தார்கள். மேடம் தாளைப் பிரித்தார்.

“அவசரமான சட்டங்கள்னுதான் எழுதியிருக்கு. தேவையானன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க. அந்தப் பிள்ளை மனசுல என்ன நெனச்சுதோ, நெனப்புக்கு மார்க் இல்ல.”

“நினைப்பு வேணாங்க மேடம். எழுத்துலயே இருக்குது. அந்த வரியோட நிறுத்தாம அடுத்த வரியையும் படிங்க.”

நான் முந்தின நாள் கோடு போட்டு நிறுத்திய இடம் அது. மேடம் சத்தமாகப் படித்தார், விடைக்குறிப்பைப் படிக்கிற அதே குரலில்.

“‘தபால் ஆபீஸ் வைக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். தபால் பையைத் திருடினால் தண்டனை என்று எழுதவில்லை. அது இல்லாமல் தபால் ஆபீஸ் நடக்காது. அதனால் எது அவசரமோ அந்தச் சட்டம் போடலாம். அவசரம் இல்லாததைப் போடக்கூடாது.’”

படித்து முடித்தார். மறுபடி ஒருமுறை மனசுக்குள் படித்தார். நான் முதல்முறையாக அப்போதுதான் அந்தப் பத்தியை முழுசாகக் கேட்டேன். தபால் பைத் திருட்டு எங்கள் விடைக்குறிப்பில் இல்லை, என் குறிப்பிலும் இல்லை. அந்த வரி எதற்காக இருக்கிறது என்பதை என் பிள்ளைகள் யாரும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. அதைத்தான் நான் ரயிலைப் பிடிக்கச் சொல்லிச் சிரித்திருந்தேன்.

“திருடனைத் தண்டிக்கிறதுல அவசரம் எங்க வருது? வராது” என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பச்சைப் பேனாவைத் திறந்தார். என் எட்டை அடித்துப் பதின்மூன்று போட்டார். நான் இன்னும் எதிர்பார்த்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“பட்டியல்ல பாதி இல்ல. அதுக்கு இவ்வளவுதான்.” கூட்டினார். எழுபத்தொன்று. என்னைப் பார்த்தார். “பாஸ் ஆகணும்னு நான் போடல டீச்சர். போட்டேன், பாஸ் ஆயிருக்கு.”

பிறகு விடைக்குறிப்பின் ஓரத்தில் ‘அவசியமான’ என்பதற்குக் கீழே எதையோ எழுதினார். மறுநாள் காலை அதையும் சேர்த்து மேசைக்குப் படித்தார். ‘அவசரமான’ என்று இருந்தால் பத்தியை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யவும். யாரும் சிரிக்கவில்லை.

நான் அதற்கு முன் பல முகாம்களுக்குப் போயிருக்கிறேன். இதே சொல் வேறு தாள்களில் வந்திருக்குமா, அவற்றிலும் கோடு இழுத்திருப்பேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் தொந்தரவாக இருக்கிறது.

பள்ளி திறந்த பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ எனப்படும் குறிப்பாணை வந்தது. மேலே போன என் கடிதத்தின் முதல் வரியை யாரோ படித்திருக்கிறார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். ‘அவசரம் காரணமாக விடைத்தாளைத் தவறாக மதிப்பிட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். பொறுப்பு மிக்க பணியில் அவசரம் காட்டியமைக்கு விளக்கம் அளிக்கவும்’ என்று இருந்தது.

அப்போதைய தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “இது இன்னாம்மா கூத்து! தெலுங்குல இன்னா அர்த்தம், தமிழ்ல இன்னா அர்த்தம்னு விவரமா எழுதிக் குடுங்க. பேனல்ல இருந்து பேரை எடுக்கமாட்டாங்க.”

வீட்டில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். தெலுங்கு அர்த்தம், தமிழ் அர்த்தம், அமெரிக்கக் காங்கிரஸ், அந்தக் கடைசி வரி, வங்கி வழக்கு, தபால் பை, ஒன்று விடவில்லை. நன்றாகவே வந்திருந்தது. என் கடிதத்தை ஒரு வரியோடு நிறுத்தாமல் முழுக்கப் படித்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது என்று கொஞ்சம் காரமாகவே முடித்திருந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் மறுபடி படித்துப் பார்த்தேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. எனக்குச் சொல்ல மூன்று பக்கம் இருந்தது, கீழே பெயரும் பதவியும் போட இடம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அரைப் பக்கமும் ஒரு ரகசிய எண்ணும்தான் இருந்தன. அந்த அரைப் பக்கத்தை நான் ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். புதுத் தாளில், ‘அவசரப்பட்டது உண்மை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த வருடப் பேனலில் என் பெயர் இல்லை.